தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் கடை

நாகர்கோவிலில் பழைய புத்தகம் விற்கிற இடங்கள் பெரும்பாலும் பாடநூலையும் போட்டித் தேர்வு கைடையும் நம்பித்தான் ஓடுகின்றன. நாவல்கள் எடைக்கு வந்து, அட்டையின் பளபளப்புக்கு ஏற்ற விலையில் வெளியே போகும். வடசேரியிலிருந்து மணிமேடைக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கும் கடை ஒன்றில் மட்டும் வழக்கம் வேறு. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ‘பழைய புத்தகம் வாங்கப்படும், விற்கப்படும்’ என்று தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருப்பதுதான் அடையாளம். துப்பறியும் கதை, உளவுக் கதை, மர்ம நாவல் தேடுகிறவர்கள் மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் பஸ் ஏறி வரலாம்.

காரணம், ஒவ்வொரு புத்தகத்திலும் செருகியிருக்கும் துண்டுச்சீட்டு. கணக்கு நோட்டுத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பென்சிலில் மூன்று விவரம் எழுதியிருப்பார்கள்: கதை முதலில் வெளிவந்த ஆண்டு, கையிலிருக்கும் பிரதி அச்சான ஆண்டு, பிரதியில் உள்ள குறை. ‘கதை 1953. பிரதி 1964. முதுகு தளர்வு, பின்னட்டை மூலை மடிப்பு.’ இவ்வளவுதான். ஆனால் முதல் இரண்டு எண்களையும் பிரித்து எழுதுகிற கடை அபூர்வம்.

“அண்ணாச்சி, இது பர்ஸ்ட் எடிஷன்தானே? 1953-ன்னு போட்டிருக்கே?”

“அது கதைக்கு, தம்பி. இந்தப் புக்கு அறுவத்தி நாலுல அடிச்சது. கடைசி வரியப் பாருங்க.”

அந்த அலமாரியில் கடைக்காரர் அடிக்கடி சொல்ல வேண்டிய பதில் இதுவாகத்தான் இருக்கும். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் வருகிற விவரப் பக்கத்தில், முதல் வரியில் நாவல் முதன்முதலாக வெளிவந்த ஆண்டு இருக்கும். அதன்கீழே இந்தப் பேப்பர்பேக் பதிப்பு வந்த ஆண்டு. அதற்கும் கீழே மறு அச்சுகளின் பட்டியல். பட்டியலின் கடைசி வரிதான் கையிலிருக்கும் பிரதியின் வயது. முதல் வரியோடு நிறுத்திவிட்டு ‘1953 முதல் பதிப்பு’ என்று ஐந்து மடங்கு விலை சொல்வது பழைய புத்தக வியாபாரத்தில் சர்வசாதாரணம்.

இந்தக் கடையை எடைபோட ஒரே ஒரு நாவல் போதும்: இயன் ஃப்ளெமிங்கின் ‘கேசினோ ராயல்’. ஜேம்ஸ் பாண்டு வரும் முதல் கதை. அலமாரியில் ஐந்து பிரதிகள், ஐந்தும் வேறு வேறு வயது. அவற்றைச் சரியாகப் பிரித்து வைக்க அந்த நாவல் அச்சான வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

லண்டனில் ஜொனாதன் கேப் பதிப்பகம் அதை வெளியிட்டது 1953 ஏப்ரல் 13 அன்று. கெட்டி அட்டை, விலை பத்தரை ஷில்லிங். முதல் அச்சு 4,728 பிரதிகள், ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிட்டன. உடனே இரண்டாவது அச்சு, 1954 மே மாதத்தில் எட்டாயிரத்துக்கும் அதிகமாக மூன்றாவது அச்சு. அந்த முதல் 4,728-க்குத்தான் இன்று ஏலத்தில் லட்சக்கணக்கில் விலை. அன்றைக்கு நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-இல்தான். கேப் பிரதி ஒன்று இங்கே ஒரு பழைய பங்களா அலமாரியில் கிடப்பது நடக்கவே முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘தாத்தா காலத்துப் புத்தகம்’ என்று சொல்லிக் கொண்டுவருகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது.

பார்க்க வேண்டியவை இவை. அட்டை கறுப்பு, முன்புறம் சிறிய சிவப்பு இதயம், முதுகில் சிவப்பு எழுத்து. விவரப் பக்கத்தில் 1953 என்ற முதல் வெளியீட்டு வரி மட்டும்தான் இருக்க வேண்டும். இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்ற வரி இருந்தால் அது முதல் அச்சு இல்லை. மேலுறையில் இதயங்கள் வரைந்த ஓவியம், ஃப்ளெமிங்கே யோசித்துக் கொடுத்த அமைப்பு. மேலுறையின் முன் மடிப்பில் சண்டே டைம்ஸ் மதிப்புரை வரிகள் அச்சாகியிருந்தால் மேலுறை பிந்தியது. புத்தகம் முதல் அச்சாக இருந்து மேலுறை பிந்தியதாக இருந்தால் விலை வெகுவாக இறங்கும். நகல் மேலுறைகளும் சந்தையில் நிறைய உண்டு: தாள் வெள்ளையாக, மடிப்புக் கோடு புதிதாக, உள்பக்கம் கறையே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். எழுபது வருடம் புத்தகத்தைச் சுற்றிக் கிடந்த உறை, முதுகுப் பகுதியில் மட்டுமாவது வெளுத்திருக்கும்.

கொண்டுவந்த பிரதியைப் பார்த்து வயது சொல்வதற்கு இந்தக் கடையில் காசு வாங்குவதில்லை. அதை விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்தச் சேவைக்காக மட்டுமே ஐந்தில் ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

அலமாரியில் இருக்கும் அமெரிக்கப் பிரதி சிக்னெட் வெளியீடு. அதன் பின்கதையைக் கடைக்காரர் கேட்டால் சொல்வார், அவசரமில்லாத நேரமாக இருந்தால். மூன்று அமெரிக்கப் பதிப்பகங்கள் தட்டிக்கழித்த பிறகு மாக்மில்லன் 1954-இல் அங்கே வெளியிட்டது. அந்த வருடம் விற்றது சுமார் நாலாயிரம். 1955-இல் பாப்புலர் லைப்ரரி பேப்பர்பேக் போட்டபோது தலைப்பையே மாற்றிவிட்டார்கள். ‘யூ ஆஸ்க்டு ஃபார் இட்’ என்று பெயர். பின்னட்டையில் கதாநாயகனுக்கு ‘ஜிம்மி பாண்டு’ என்று பெயர். 1954 அக்டோபர் 21 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சி இதே கதையை நாடகமாக ஒளிபரப்பியபோதும் அவர் அமெரிக்க ஜிம்மிதான். 1960-இல் சிக்னெட் வெளியிட்டபோதுதான் பேப்பர்பேக்குக்குச் சொந்தப் பெயர் திரும்பியது. 1961-இல் கென்னடிக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களின் பட்டியல் லைஃப் பத்திரிகையில் வந்து, அதில் ஒரு பாண்டு நாவல் இருந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் மொத்த வரிசையும் விற்கத் தொடங்கியது. தலைப்பு மாறிய 1955 பிரதி எங்காவது எடைக்குப் போடப்பட்டுக் கிடந்தால், பெயர் வேறு என்பதாலேயே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆசிரியர் பெயரைப் பார்த்து எடுக்கிற பழக்கம் இருந்தால் கிடைக்கும்.

நம் பக்கத்தில் அதிகம் புழங்குவது பிரிட்டிஷ் பான் பேப்பர்பேக்குகள். கேசினோ ராயலின் பான் பதிப்பு 1955-இல் வந்து முதல் வருடத்திலேயே 41,000 பிரதிகள் விற்றது. கேப் மூன்று அச்சிலும் சேர்த்து எட்டாத எண்ணிக்கை. பாண்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது இந்த ஷில்லிங் பிரதிகள்தான். கடையில் உள்ள பான் பிரதிகள் இரண்டு. 1964 பிரதி 180 ரூபாய், எழுபதுகளின் பிரதி 120. விவரப் பக்கம் கிழிந்துபோன பிரதியைக்கூட விலையை வைத்துப் பிரிக்கலாம். பின்னட்டையில் ஷில்லிங்-பென்ஸ் விலை மட்டும் இருந்தால் 1971 பிப்ரவரி 15-க்கு முன்னால் அச்சானது. அன்றுதான் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது. மாற்றத்தை ஒட்டிய காலத்தில் இரண்டு விலையும் சேர்ந்தே இருக்கும். பானுக்குரிய 330 என்று வரும் ஐ.எஸ்.பி.என். (புத்தக அடையாள எண்) இருந்தால் அறுபதுகளின் கடைசிக்குப் பிறகு. எண் 13 இலக்கமாக இருந்தால் 2007 அல்லது அதை ஒட்டி. இரண்டு பிரதிகளுக்கும் சீட்டில் எழுதியிருக்கும் ஆண்டு இந்தச் சோதனையில் தேறுகிறது.

நான்காவது பிரதி 2006 திரைப்படத்தை ஒட்டி வந்த அட்டை போட்டது. படிக்க நல்ல பிரதி, சேகரிக்க ஒன்றுமில்லை, 150 ரூபாய்.

ஐந்தாவதுதான் சிக்கல். புத்தம் புதியது, 199 ரூபாய், அட்டையில் பதிப்பகத்தின் ஊர்கூட இல்லை. இப்படிப்பட்டவை இப்போது அதிகம் வரக் காரணம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம் உரிமை நிற்கும். முன்பு 50 ஆக இருந்தது. தாகூர் எழுத்துகளின் உரிமை முடிகிற நேரத்தில் பத்து வருடம் கூட்டினார்கள். ஃப்ளெமிங் இறந்தது 1964 ஆகஸ்ட் 12. ஆகவே 2024 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் உரிமை முடிந்தது. 2025 ஜனவரி 1 முதல் யாரும் அச்சிடலாம், யாரும் தமிழில் மொழிபெயர்க்கலாம். பிரிட்டனில் 2034 முடிய உரிமை உண்டு. தமிழுக்கு இது நல்ல காலம். கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கையில் எடுத்தால் ஆங்கிலப் பதிப்பகத்திடம் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் மலிவுப் பதிப்புகளில் பல, பழைய பிரதியை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டர் வாசித்ததை யாரும் மெய்ப்புப் பார்க்காமல் அப்படியே அச்சுக்கு அனுப்பியவை. வாங்குமுன் மூன்று இடங்களைப் புரட்டுங்கள். நாவலில் 27 அத்தியாயம் இருக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயம் ஓர் அலுவலகக் கோப்பு. பின்னிணைப்புகள் தனித்தனியாகப் பத்தி விலகி நிற்க வேண்டும், ஒரே கூழாக ஓடினால் அமைப்பைத் தொலைத்துவிட்டார்கள். நான்காம் அத்தியாயத்தின் தலைப்பு பிரெஞ்சு: ‘லென்னெமி எகூத்’. இரண்டாவது சொல்லின் முதல் எழுத்துக்கு மேல் சாய்கோடு இருக்க வேண்டும். அது காணாமல்போய் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோ வெறும் கட்டமோ நின்றால் உள்ளே ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லும் அப்படித்தான் இருக்கும். சூதாட்ட மேசைக் காட்சிகளில் பிரெஞ்சு நிறைய வரும். கடையின் பிரதி மூன்றாவது சோதனையில் தோற்றது. சீட்டில் ‘புதிது, நல்ல நிலை’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பழையதை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர்கள் புதியதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். அதே 199 ரூபாயைப் பான் பிரதிக்குக் கொடுப்பதுதான் சரி.

தமிழ் அலமாரி உள்ளறையில் இருக்கிறது. கேட்டால்தான் திறப்பார்கள், கட்டாயம் கேளுங்கள். ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள் பல அச்சுகளில் இருக்கின்றன. தமிழ்ப் புத்தகங்களில் விவரப் பக்கத்தை மட்டும் நம்ப முடியாது. ‘மறுபதிப்பு’ என்று போட்டுவிட்டு ஆண்டை விட்டுவிடுவது சகஜம். இந்தக் கடையில் ஆண்டு இல்லாத பிரதிக்குச் சீட்டில் ‘57க்கு முன்’, ‘72க்குப் பின்’ என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கு இப்படி: விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முன்போ அதை ஒட்டியோ அச்சானது. ‘ந.பை.’ என்று நயா பைசா இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. முகவரியில் ‘சென்னை-17’ போல ஒன்றிரண்டு இலக்கம் இருந்தால் பழையது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. கடைசியாக எழுத்து: லை, னை, ணை ஆகியவை தும்பிக்கை போட்டு நின்றால், றா, னா, ணா கால் பிரியாமல் ஒட்டி நின்றால், அது சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. அரசு ஆணை 1978-இல் வந்தாலும் கையில் பழைய ஈய எழுத்து வைத்திருந்த அச்சகங்கள் உடனே மாறவில்லை. அதனால் பழைய எழுத்து மட்டுமே சாட்சி என்றால் எண்பதுகளின் தொடக்கம் வரை இடம் விட்டுக் கணக்குப் போட வேண்டும்.

இன்னும் மதிப்புள்ளவை வாரப் பத்திரிகைத் தொடர்களைப் பிரித்தெடுத்து வீட்டிலேயே பைண்டு செய்த தொகுப்புகள். சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ 1968-இல் குமுதத்தில் தொடராக வந்தது. இப்படிப்பட்ட தொடர்களுக்கு அந்தக் காலத்தில் போட்ட ஓவியங்கள் பிறகு வந்த புத்தகங்களில் பெரும்பாலும் இருக்காது. பைண்டு தொகுப்பு வாங்கும்போது கடைசியில் ‘முற்றும்’ இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. ஒவ்வொரு வாரத்தின் அத்தியாய எண்ணையும் வரிசையாகச் சரிபாருங்கள்; நடுவில் ஒரு வாரம் விட்டுப்போவதுதான் வழக்கமான குறை. கடையில் அதைச் சரிபார்த்து ‘7 இல்லை’ என்று சீட்டில் எழுதி, விலையைக் குறைத்திருக்கிறார்கள்.

இனி குறைகள். முதல் குறை மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரி. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை முழுதாக விடாது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரை ஒட்டி வைத்தால் சுவரின் ஈரம் முதலில் புத்தகத்தின் முதுகுக்குத்தான் போகும். அங்கேதான் பசை இருக்கிறது, பசைதான் பூஞ்சணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் தீனி. அலமாரியை நான்கு விரல் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அடுத்தது, நல்ல பிரதிகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். கிழிந்த பக்கங்களில் செலோடேப்பும் கண்ணில் பட்டது. பத்து வருடத்தில் டேப் உரிந்துவிடும். பசை மட்டும் மஞ்சளாக, எண்ணெய்க் கறைபோலத் தாளுக்குள் இறங்கி நிற்கும், பிறகு எடுக்கவே முடியாது.

ஆகவே கடையில் நின்றபடியே பாருங்கள். தாளின் மேற்பரப்பு ஒழுங்கில்லாமல் சுரண்டியதுபோல மெலிந்திருந்தால் ராமபாணம். உருண்டையான துளை பல பக்கங்களை ஊடுருவிப் போனால் புழு. கறுப்புத் துணிமேல் புத்தகத்தை மெல்லத் தட்டினால் மாவுபோல உதிர்கிறதா? புழு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கலாம். அப்படி ஒன்றை வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால் நீர்த்துளி கவருக்கு வெளியேதான் கட்டும், தாள் தப்பிக்கும்.

பைண்டிங் வேலையும் எடுத்து, வெளியே ஒரு பைண்டரிடம் கொடுத்து வாங்கித் தருகிறார்கள். தடித்த தமிழ்த் தொகுப்புகளுக்கு அந்த வேலை அருமை: பாரம் பாரமாக (மடித்த தாள் கட்டுகளாக) தையல், காலிகோ துணி முதுகு, மயில்துத்தம் கலந்த மைதாப் பசை. பூச்சி எளிதில் அண்டாது. ஆனால் பேப்பர்பேக்கை அங்கே கொடுக்காதீர்கள். அறுபதுகளின் பேப்பர்பேக் பெரும்பாலும் வெறும் பசையில் நிற்பது. பசை காய்ந்து கண்ணாடிபோல உடைந்து தாள் தாளாகக் கழன்றுவரும். பைண்டர் அதைப் பக்கவாட்டில் துளைபோட்டுத் தைத்துவிடுகிறார். 11 செ.மீ. அகலப் புத்தகத்தில் உள் ஓரமே கொஞ்சம்தான்; தையல் அதில் முக்கால் செ.மீ. தின்றுவிட்டால் புத்தகம் விரியாது, வரியின் முதல் எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். அதோடு மூன்று பக்கமும் மிஷினில் வெட்டிவிடுகிறார். ஓரம் வெட்டிய பிரதிக்குச் சேகரிப்பு மதிப்பு போயிற்று. சரியான வைத்தியம் வேறு: பழைய பசையைச் சுரண்டி எடுத்து, தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெள்ளைப் பசையை மெல்லிசாக இரண்டு முறை பூசி, நடுவில் மெல்லிய மல் துணி வைத்து, பாரம் ஏற்றி 12 மணி நேரம் விட வேண்டும். மழைக்காலமானால் ஒரு நாள். கொடுக்கும்போதே ‘தையல் வேண்டாம், ஓரம் வெட்ட வேண்டாம்’ என்று எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். வாயால் சொன்னது பைண்டர் வரை போய்ச் சேர்வதில்லை.

விற்க வருகிறவர்களுக்கு: விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். மேலுறை, பழைய கடை முத்திரை, உள்ளே எழுதிய பெயர் எதையும் அழித்துச் சுத்தம் செய்து கொண்டுவர வேண்டாம். இங்குள்ள ஆங்கிலப் பிரதிகளில் திருவனந்தபுரம் முத்திரை நிறையத் தெரியும். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல்தான். அதுவரை புத்தகம் இங்கே வந்து சேர்ந்த பாதையை அந்த முத்திரைகள்தான் காட்டுகின்றன.

ஞாயிறு விடுமுறை. மற்ற நாளில் காலை பத்தரைக்கு மேல் திறக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, சீட்டுகளை நின்று நிதானமாகப் படிக்கலாம். வாங்க நல்ல மாதம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை: தாள் காய்ந்திருக்கும், வாடையை வைத்தே நிலையைச் சொல்லிவிடலாம். தபாலிலும் அனுப்புகிறார்கள், ஆனால் ஒற்றை பிரவுன் கவரில். ஜூன் முதல் டிசம்பர் வரை தபாலில் கேட்கிறவர்கள், இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டி வெளியே பிளாஸ்டிக் சுற்றச் சொல்லுங்கள். அதற்கு 20 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள், கொடுக்கலாம்.